பறை கற்க அரசு வகுப்பு உண்டா?

ஏரிக்கரை: என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. பறை கற்கணும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் ஊரில் சொல்லித்தர ஆளில்லை, தனியாருக்குக் கட்ட வசதியும் இல்லை. அரசு வகுப்பு ஏதாவது இருக்கிறதா?

காவிரிக்காரன்: கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, 5 முதல் 16 வயது வரை சேர்ப்பார்கள். பாட்டு, பரதம், ஓவியம் என்று இருக்கும். பறை இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏரிக்கரை: மாவட்டத் தலைநகருக்குத்தானே போகணும்? பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும் நண்பரே.

டீச்சரம்மா: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவால் எங்கள் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது, மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம்கூட உண்டு, அதெல்லாம் சரி, ஆனால் போட்டி வைக்கிற அளவுக்குச் சொல்லித்தர ஆள் போடவில்லை, பாதிப் பிள்ளைகள் யூடியூப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள். அதனால் பக்கத்து ஊர்ப் பறைக் கலைஞர் ஒருவரை நாங்களே கூப்பிட்டோம். சிண்டுக்குச்சியை, அதாவது பறை அடிக்கிற நீளமான மெல்லிய குச்சியை, இடது கையில் பிடிக்கிற விதம், தோல் தொய்ந்தால் தீயில் காய்ச்சுவது, இதெல்லாம் வீடியோவில் பிடிபடாது. அவருக்கான பணம் எங்கள் கைக்காசுதான்.

காவிரிக்காரன்: அதைத்தான் சொல்கிறேன். 2007இலிருந்து நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்தவர்களையே வாரம் ஒருநாள் பள்ளிக்கு அனுப்பிச் சம்பளம் கொடுக்கலாமே? சென்னையில் பொங்கலுக்கு மேடை போட்டால் மட்டும் போதுமா!

ஏரிக்கரை: டீச்சர், அந்தக் கலைஞரை எங்கள் பள்ளிக்கும் வரச்சொல்லிக் கேட்க முடியுமா? தலைமை ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்.