புதுப்பிப்பு: பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் போட்டாச்சு

கேம் நடுவே படம் திக்கித் திக்கி நிற்கிறது, இருக்கிற 4 ஜிபி ரேமோடு (கணினியின் தற்காலிக நினைவகம்) இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் தீருமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்தது!

பழைய ரேம் மாதிரியே அதே டிடிஆர்3 வகை, அதே 1600 வேகம்தான் வாங்கினேன். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, திரையோ கறுப்பு. வயிற்றில் புளி கரைத்தது. கழற்றிப் பார்த்தால், ஒரு முனை ஸ்லாட்டில் சரியாக இறங்கவேயில்லை. 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தியதும் உயிர் வந்தது.

அப்புறமும் சிங்கிள் சேனல்தான் (தரவு ஒரே பாதையில் போவது) காட்டியது. பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருக்கிறேன், என் புத்தி! பழைய ரேம் இருக்கிற ஸ்லாட்டின் அதே நிற ஸ்லாட்டுக்கு மாற்றினேன், டூயல் சேனல் (இரண்டு பாதையில் போவது) வந்துவிட்டது.

திக்கல் போயே போச்சு. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்ற கணக்கு) மட்டும் பெரிதாக ஏறவில்லை. அது கிராபிக்ஸ் கார்டின் வயசு.