ரூபி நிரல்மொழியில் அரே (மதிப்புகளின் பட்டியல்) பண்புகளை அறிவிக்க ஒரு மாட்யூல் (மெத்தட்களின் தொகுப்பு): உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் குழுவிடம் வந்து சேர்ந்த பழைய ரூபி கோடில் மாணவர், வகுப்பு, தேர்வு என எந்த கிளாஸைத் திறந்தாலும் இனிஷியலைஸில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) நாலைந்து காலி அரே. கீழே ஒவ்வொன்றுக்கும் சேர்க்க, நீக்க என்று அச்சு அசலாக ஒரே மெத்தட்கள். பண்பைப் படிக்கவும் எழுதவும் மெத்தட் தரும் அட்டர்_அக்ஸஸர் இங்கே பாதி வேலைதான் செய்யும். மதிப்பு எதுவும் வைக்காதவரை 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நில்'தான் கிடைக்கும். அதில் << போட்டு ஒன்றைச் சேர்க்கப் போனால் நோமெத்தட்எரர், அதாவது அப்படி ஒரு மெத்தட் இல்லை என்ற பிழை.

மாட்யூல் ஒன்று எழுதினோம். இப்போது கிளாஸுக்குள் ஒரே வரி:

பட்டியல் :பாடங்கள், :மதிப்பெண்கள்

(தமிழில் இப்படியே எழுதலாம். ரூபி 2.0 முதல் சோர்ஸ் கோடுக்கு யூடிஎஃப்-8தான் இயல்பு. மாட்யூலின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில். அது கான்ஸ்டன்ட், கேபிடல் எழுத்தில் தொடங்கியாக வேண்டுமே.)

அந்த வரி ஓடும்போது செல்ஃப் (மெத்தட் யார்மேல் ஓடுகிறதோ அது) என்பது கிளாஸ். அதனால் மாட்யூலை எக்ஸ்டெண்ட் செய்ய வேண்டும். இன்க்ளூட் செய்தால் 'பட்டியல்' ஆப்ஜெக்ட்டுக்குப் போய்விடும், கிளாஸுக்குத் தெரியாது. உள்ளே பெயருக்கு ஒரு டிஃபைன்_மெத்தட் (ஓடும்போதே மெத்தட்டை உருவாக்குவது); இன்ஸ்டன்ஸ் வேரியபிள் 'நில்' என்றால் புது அரே வைத்துத் தரும். இதே வேலையை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

—

டீஃபால்ட் மதிப்பு கொடுக்கும் வசதியையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கவனம், நண்பரே. நான் பார்த்த ஒரு மாட்யூல் டீஃபால்ட் அரேயை ஆர்க்யுமென்ட்டாக வாங்கி அதையே எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் கொடுத்தது. ஒரு மாணவருக்குச் சேர்த்த பாடம் எல்லாருக்கும் வந்துவிட்டது. டெஸ்ட்களைத் தனித்தனியாக ஓட்டினால் தேறும், சேர்த்து ஓட்டினால் விழும். காரணம் பிடிபடவே நேரமானது. ஒரே காலி அரேயை மூன்று இடத்திலும் வைக்கும் அரே.நியூ(3, []) தரும் தொல்லையும் இதேதான். டீஃபால்ட்டை ப்ளாக்காக (பிறகு ஓட்டக்கூடிய கோட் துண்டாக) வாங்கி ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் புதிதாக ஓட்டினால் தீர்ந்தது. டீஃபால்ட் அரேயை டூப் (நகல்) செய்தால் போதும் என்பார்கள். அது மேலோட்டமான நகல், உள்ளே இருக்கும் அரேக்கள் அப்போதும் பொதுவாகவே இருக்கும்.

—

அரேயை முதல்முறை கேட்கும்போது உருவாக்குவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஃப்ரீஸ் செய்த (மாற்ற முடியாதபடி பூட்டிய) ஆப்ஜெக்ட்டில் வெறுமனே படிக்கப் போனாலே எரர். அதோடு, ரூபி 3.2-இல் ஆப்ஜெக்ட் ஷேப் (ஆப்ஜெக்ட்டில் எந்த வேரியபிள்கள் எந்த வரிசையில் உள்ளன என்ற உள்குறிப்பு) வந்த பிறகு, வேரியபிள்கள் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் வேறு வேறு வரிசையில் பிறந்தால் ஷேப்கள் பெருகும்; பெர்ஃபார்மன்ஸ் வார்னிங்கை இயக்கி வைத்தால் 3.3 அதைச் சொல்லிக்காட்டுகிறது. இப்போது எங்கள் மாட்யூலின் நியூ, அலோகேட் செய்த (வெறும் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய) கையோடு எல்லா அரேக்களையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டுத்தான் இனிஷியலைஸைக் கூப்பிடுகிறது. நகலெடுக்கும்போது ஓடும் இனிஷியலைஸ்_காப்பியையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் டூப் செய்த மாணவரும் அசலும் ஒரே பாடங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சப்கிளாஸில் இன்னும் பட்டியல் அறிவிக்கிறவர்கள் சொல்லுங்கள்: பெயர்களை இன்ஹெரிட்டட் ஹூக்கில் (சப்கிளாஸ் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்) நகலெடுக்கிறீர்களா, ஆன்செஸ்டர்ஸில் (கிளாஸின் மூதாதையர் பட்டியல்) ஏறித் தேடுகிறீர்களா?