ஹாம்பர்க் ஆர்கன்: 1693-க்குத் திரும்பியது சரியா?

காற்றுப்பெட்டி:
ஹாம்பர்க் புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் கட்டுநர் ஆர்ப் ஷ்னிட்கர் 1693-ல் முடித்த ஆர்கனை (குழாய்களில் காற்று செலுத்தி ஒலிக்கும் பெரிய கட்டை வாத்தியம்), 1993-ல் இன்னொரு கட்டுநர் யூர்கன் ஆரெண்ட் அந்தப் பழைய நிலைக்கே கொண்டுபோனார். எனக்கு உடன்பாடில்லை. 60 ஸ்டாப் (தனி ஓசை தரும் குழாய் வரிசை), 4 கைப்பலகை (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) கொண்ட அதை ஷ்னிட்கரே முந்தைய ஆர்கனின் குழாய்களையும் சேர்த்துத்தான் கட்டினார். அப்புறம் 1693 மட்டும் எப்படி அசல்? பாரிஸின் செயின்ட் சுல்பீஸ் ஆலயத்தில் கிளிக்கோ என்ற கட்டுநரின் 1781 குழாய்களை வைத்துக்கொண்டே, பின்னால் வந்த காவாயே-கோல் அந்த ஆர்கனை 1862-ல் 100 ஸ்டாப்பாக வளர்த்தார். அதை 1781-க்குத் திருப்பச் சொன்னால் விடுவீர்களா?

ஈயக்குழல்:
விடமாட்டேன். 1862 ஒரு மேதையின் வேலை. ஹாம்பர்க்கில் நடந்தது வளர்ச்சி இல்லை, இழப்பு. முகப்பு வெள்ளீயக் குழாய்களை 1917-ல் போருக்காக உருக்கினார்கள். 1944-ல் ஆலயம் எரிந்தது. முன்பே கழற்றிப் பத்திரப்படுத்திய குழாய்களும், அவை மேலே நிற்கும் காற்றுப்பெட்டிகளும்தான் தப்பின. வெளி மரக்கூடு போயிற்று. இதில் எந்தக் காலத்து அடுக்கைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?

காற்றுப்பெட்டி:
கூட்டைப் புதிதாகச் செய்ததில் குறையில்லை. சுருதிதான் பிரச்சினை. இப்போது சுருதி கூட்ட அளவாக எடுக்கும் 'ஏ' (A) சுரம் சுமார் 495 ஹெர்ட்ஸ், இன்றைய 440-ஐவிட ஒரு முழுச்சுரம் மேலே. மற்ற வாத்தியக்காரர்கள் சுரம் மாற்றித்தான் சேர்ந்து வாசிக்க முடியும்.

ஈயக்குழல்:
440-க்கு இறக்கக் கணக்குப் போடுங்கள். 60 செ.மீ. திறந்த குழாய் ஏறக்குறைய 67.5 செ.மீ. ஆக வேண்டும், குழாய்க்குக் குழாய் துண்டு பற்றவைக்க வேண்டும். இல்லையேல் வரிசையை இரண்டு கட்டை தள்ளி, ஒவ்வொரு வரிசையின் அடியிலும் இரண்டு பெரிய குழாய் புதிதாகச் செய்ய வேண்டும். அங்கே சுரங்கள் சம இடைவெளியில் இல்லை. தள்ளினால் இனிமையாகச் சேரும் மூன்றாம் சுர ஜோடிகள் (ச-க போன்றவை) வேறு கட்டைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் மறுபடி சுருதி கூட்டணும்.

நாக்குத்தகடு:
இருவருமே ஆண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். திருப்ப முடியுமா என்பதுதான் எனக்குக் கேள்வி. பற்றவைத்த நீட்டிப்பைக் கழற்றலாம். குழாய் வாயின் மேலுதட்டை வெட்டி உயர்த்தியிருந்தால், புதுத் தகடு ஒட்டாமல் பழைய ஓசை வராது. உள்ளே கிடக்கும் குறுக்குத் தகட்டின் விளிம்பில் வரிசையாகக் கீறல் போட்டிருந்தால், தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன 'ச்' மழுங்கிவிடும். அந்த இடத்தை விரலால் தடவினாலே பற்கள் தட்டுப்படும்.

காற்றுப்பெட்டி:
அதை ஏற்கிறேன். ஆனால் 'திருப்ப முடியும்' என்பதற்காகப் பிற்கால நீட்டிப்பை எடுத்து எறிந்தால் அது செய்தவனின் தடயமும் போயிற்று. கழற்றினாலும் எண் குறித்து ஆலயத்திலேயே வைக்கணும்.

நாக்குத்தகடு:
வைக்கும்போது புது ஓக் பெட்டியில் மட்டும் போடாதீர்கள். ஓக் விடும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஆர்கனுக்குள்ளும் இதேதான், ஓக் காற்றுப்பெட்டிமேல் நிற்கும் குழாய்க்குக் காலில்தான் முதலில் ஓட்டை விழும்.