செஸ்டர் ரேஸும் பெரியப்பாவின் கணக்கும்

அருண்: அனைவருக்கும் வணக்கம். நாளை அலுவலக நண்பர்களோடு இங்கே இங்கிலாந்தில் செஸ்டர் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறேன். பெரியப்பா, ஐந்து ஃபர்லாங், அதாவது சுமார் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் எந்தக் குதிரை மேல் கட்டலாம்? ரேஸ் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கையில் 40 பவுண்டு இருக்கிறது.

மாலதி அத்தை: யாரிடம் யோசனை கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா?

பெரியப்பா: அருண், செஸ்டரில் 1539-ஆம் ஆண்டிலிருந்து பந்தயம் நடக்கிறது என்பார்கள். அந்தப் பெருமை இருக்கட்டும், மைதானத்தின் அளவைப் பார். ஒரு சுற்று ஒரு மைலும் 73 கஜமும்தான். கடைசி நேர்வழி சுமார் 230 கஜம். ஏறக்குறைய ஓட்டம் முழுவதும் குதிரை இடப்பக்கம் வளைந்துகொண்டே இருக்கும் என்பதால், பின்னால் பதுங்கி வந்து கடைசியில் பாய்கிற குதிரைக்கு அங்கே பாய இடம் கிடைப்பதில்லை.

வித்யா: அப்படியானால் குதிரைகள் கிளம்பும் கூண்டுகளில் உள்வேலியை ஒட்டிய ஒன்றாம் ஸ்டால். முடிந்தது.

பெரியப்பா: முடியவில்லை, வித்யா. அரைவட்டம் ஒன்றில் உள்வேலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஓடும் குதிரை, வட்டம் பெரிதோ சிறிதோ, பை மடங்கு மூன்று, அதாவது ஒன்பது மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். அது ஏறக்குறைய நான்கு குதிரை நீளம். உள்பக்க ஸ்டாலுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். ஆனால் இந்தக் கணக்கு பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்கும் தெரியும். அதனால்தான் ஒன்றாம் ஸ்டால் குதிரைக்கு விலை ஒன்றுக்கு இரண்டுதான், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒரு பவுண்டுக்கு இரண்டு பவுண்டுதான் லாபம் தருகிறார்கள்.

சித்தி: அங்கே மழையா, அருண்? ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ.

அருண்: மழை இல்லை, சித்தி. தரை காய்ந்துதான் இருக்கிறதாம்.

பெரியப்பா: நல்லது, தரை காய்ந்திருந்தால் முன்னால் போகிற குதிரையைப் பிடிப்பது இன்னும் கடினம். அட்டையில் குறிப்புகளைப் படித்தேன். ஒன்றாம் ஸ்டால் குதிரை கடந்த மூன்று ஓட்டங்களில் இரண்டில் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. உள்பக்கத்தில் தாமதமாகக் கிளம்பினால் முன்னால் ஒரு சுவர், வலப்பக்கம் ஒரு சுவர். ஜாக்கி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வழி கிடைக்காது. மூன்றாம் ஸ்டால் குதிரையோ வாயில் திறந்ததும் பாய்கிற ரகம். நேரான மைதானங்களில் கடைசியில் களைத்துத் தோற்றதால் ஒன்றுக்கு எட்டு தருகிறார்கள்.

மாலதி அத்தை: இதே பேச்சைக் கேட்டுத்தான் என் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

பெரியப்பா: மாலதி, அந்தக் குதிரை பதினோராம் ஸ்டாலில் நின்றது. அந்த வயதில் எனக்கு ஸ்டாலைப் பார்க்கத் தெரியாது.

வித்யா: முப்பது வருடம் கழித்துக் காரணம் கிடைத்துவிட்டது.

அருண்: மூன்றாம் ஸ்டாலில் 40 பவுண்டையும் கட்டிவிடட்டுமா?

பெரியப்பா: கட்டாதே. ஐந்து பவுண்டு வெற்றிக்கு, ஐந்து பவுண்டு இடம் பிடிப்பதற்கு என்று இரண்டாகப் பிரித்து ‘ஈச் வே’ கட்டு. எட்டுக் குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் பணம் உண்டு. இடத்துக்குக் கட்டியதற்கு, ஒன்றுக்கு எட்டு என்ற விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் லாபம். மூன்றாவதாக வந்தாலும் 13 பவுண்டு திரும்பும், மூன்று பவுண்டு லாபம். முதலில் வந்தால் 58. ஆனால் எட்டில் ஒரு குதிரை விலகி ஏழானால் இரண்டு இடங்களுக்குத்தான் பணம். அதனால் இன்றிரவே கட்டிவிட்டுத் தூங்காதே. நாளை மதியம் விலகியவர்கள் பட்டியலைப் பார்த்த பிறகு கட்டு. இரண்டாம் ஸ்டால் விலகினால் நம் குதிரைக்கு வேலியோரம் இன்னும் சுலபம்.

வித்யா: அது விலகினால் ஏழு குதிரைதானே, பெரியப்பா?

பெரியப்பா: ஆமாம். அப்போது இடத்துக்கு வைத்த ஐந்தை விட்டுவிட்டு வெற்றிக்கு மட்டும் கட்டலாம். இல்லை, விலை எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வித்யா: நான் ஒன்றாம் ஸ்டாலுக்கு ஐந்து பவுண்டு. அருண், என் கணக்கில் எழுதிக்கொள்.

அம்மா: இருபது பவுண்டுக்கு மேல் ஒரு பைசா கூடாது, அருண். மாமா, நீங்களும் அவனை ஏற்றிவிடாதீர்கள்.

அருண்: சரி அம்மா. பெரியப்பா, நாளை இங்கே ஒரு மணி என்றால் உங்களுக்கு மாலை ஐந்தரை. விழித்திருப்பீர்களா?

பெரியப்பா: இருப்பேன். பட்டியலைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. போன படத்தில் ஏழாம் ஸ்டாலை உன் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.