எல்298என் மோட்டார் டிரைவர்: அவுட்1 மட்டும் கிரவுண்டுக்கு 4 ஓம் காட்டுகிறது

மகனின் ரோபோ வண்டிக்கு எல்298என் போர்டு, இரண்டு 12 வோல்ட் கியர் மோட்டார், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. போன ஞாயிறு கோரைப்பாய் ஓரத்தில் சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் கருகல் வாசனை. மோட்டார் சுருள் 2.9 ஓம்தான், நின்றால் 4 ஆம்பியர் இழுக்கும், சிப் தாங்குவது 2. தப்பு என்னுடையதுதான், சரி.

இப்போது அந்த மோட்டார் ஒரு பக்கம் சுற்றுகிறது, மறுபக்கம் முனகுகிறது, ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது.

பேட்டரி, மோட்டார், ஆர்டுயினோ எல்லாம் கழற்றிவிட்டு அளந்தேன். அவுட்1 (மோட்டார் ஒயர் மாட்டும் நான்கு முனைகளில் ஒன்று) – கிரவுண்ட் 4 ஓம். முனைகளை மாற்றி வைத்தாலும் அதே 4. மற்ற மூன்று அவுட்டும் டயோடு மோடில் ஒரு பக்கம் 0.55, மறுபக்கம் ஓஎல் (மின்சாரம் கடக்கவில்லை). அவுட்1 – 12 வோல்ட் முனையும் சரியாகவே இருக்கிறது. மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம், அதனால் மீட்டர் மேல் சந்தேகமில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஈயம் எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

போனது கிரவுண்ட் பக்கத்து எம்7 டயோடா (போர்டில் சிப்புக்கு வெளியே இருக்கும் பாதுகாப்பு டயோடு), சிப்பா? என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன் மட்டும்தான். 15 கால் சிப்பைக் கழற்றாமல் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?