முதல் பிறந்தநாளுக்கு இலங்கைக் கடற்கரை: ஆகஸ்டில் எந்தப் பக்கம் நல்லது?

வேளச்சேரி_அம்மா:
எங்கள் மகளுக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு வயது முடிகிறது. மண்டபம் பிடித்து ஊரையே கூப்பிட்டு, தூக்கம் கெட்டு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மேடையில் நிற்பதில் எனக்கும் கணவருக்கும் மனசில்லை. நாங்கள் இரண்டு பேர், மாமியார், மாமனார், குழந்தை என்று வீட்டு ஆட்கள் மட்டும் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவதுபோல இலங்கைக்குப் போகலாம் என்று பேச்சு. சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம்தானே. பெந்தோட்டையில் ஒரு ஓட்டல் படத்தில் அழகாக இருக்கிறது. குழந்தை கடலில் கால் நனைக்க அது சரியான இடமா? பிறந்த நட்சத்திரம் ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடுகிறது, அன்று ஆயுஷ்ஹோமமும் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைக்கலாம் என்கிறார் மாமியார். அதை முடித்த கையோடு கிளம்பலாமா?

மட்டுநகரான்:
தங்கச்சி, ஆகஸ்டில் பெந்தோட்டைப் பக்கம் கடலில் இறங்க நினைக்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிப்பாக இருக்கும், சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். ஓட்டல் படமெல்லாம் டிசம்பர், ஜனவரியில் எடுத்தது. அதே ஆகஸ்டில் எங்கள் கிழக்குப் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பாசிக்குடாவில் நல்ல தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பைத் தாண்டாது, பிள்ளையைக் கரையோரம் உட்கார வைத்தால் காலை நக்கிவிட்டுப் போகிற அளவுதான் அலை. ஆனால் பக்கத்தில் கல்குடா போய் அதே நம்பிக்கையில் இறங்க வேண்டாம், அது திறந்த கடல்.

சிக்கல் தூரம்தான். கொழும்புக்கு விமானம் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பாசிக்குடாவுக்கு வாகனத்தில் ஆறு மணி நேரமாவது ஆகும். மூன்று நாளில் இரண்டு நாள் பிள்ளை காருக்குள்ளேயே இருக்கும், அது பாவம். ஒரு நாள் கூட்டிக்கொண்டு, போகும்போது தம்புள்ளை அல்லது ஹபரணையில் இரவு தங்குங்கள். ஹபரணை, மின்னேரியாப் பாதையில் அந்தி நேரத்தில் யானை குறுக்கே வரும், பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடுங்கள். இன்னொரு விஷயம், இந்த மாதங்களில் எங்கள் ஊரில் கச்சான் என்கிற வறண்ட காற்று, பகலில் அனல் அடிக்கும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பயமில்லை. உறைப்பில்லாமல் பருப்பும் சோறும் குழைய வேணும் என்று தமிழிலேயே சொல்லலாம், செய்து தருவார்கள். கதலி வாழைப்பழமும் இடியப்பமும் எங்கேயும் கிடைக்கும்.

ரெண்டு_வாலு:
அண்ணா சொன்னதையே நானும் சொல்வேன். ஒரு வயதுக் குழந்தை எப்படியும் விடியலில் எழுந்துவிடும், கிழக்குக் கரையில் அந்த நேரத்துக்குச் சூரியன் கடலிலிருந்து வரும், மணல் குளிர்ந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். எங்கள் பையன் அந்த ஒரு மணி நேரம் ஈரமணலைக் கையில் பிசைந்து பிசைந்து பார்த்துக்கொண்டே இருந்தான், வாங்கிப்போன பொம்மை எதையும் தொடவில்லை.

அப்புறம் மொட்டை விஷயம். தயவுசெய்து கடலுக்கு முன்னாடி வேண்டாம். புதிதாக மழித்த தலையில் அந்த வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், தொப்பியை ஒரு வயதுக் குழந்தை இரண்டு நிமிடம்கூட வைத்திருக்காது. காதுகுத்து இன்னும் மோசம், ஆறாத துளையில் கடல் தண்ணீரும் நீச்சல்குளத் தண்ணீரும் போனால் சீழ் வைக்கும். நட்சத்திரத்தன்று வீட்டில் ஹோமம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டையும் காதுகுத்தும் திரும்பி வந்து நல்ல நாள் பார்த்துச் செய்யலாம். நம் ஊரில் மூன்று வயதில்கூட மொட்டை போடுகிறார்கள், மாமியாரிடம் இப்படி எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

சாதாரண டயபர் தண்ணீரில் ஊதி இறங்கிவிடும், நீச்சல் டயபர் என்று தனியாக இருக்கிறது, இங்கேயே வாங்கிப் போங்கள். முழுக்கை நீச்சல் உடை, ஓஆர்எஸ் பாக்கெட், பழகிய சத்துமாவு எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவலை மறக்க வேண்டாம், அங்கும் டெங்கு உண்டு. கேக்கை மணலில் வைத்து வெட்டலாம் என்று ஆசைப்படாதீர்கள், காற்றில் மெழுகுவத்தி நிற்காது, கிரீம் முழுக்க மண். அறையில் வெட்டிவிட்டு அப்புறம் கரைக்குப் போங்கள்.

காகிதப்புலி:
குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா? கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி படிவம் கேட்பார்கள். நான்கு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் போட்டோ நாமே எடுத்துப் போக வேண்டும். இலங்கைக்கான இ.டி.ஏ., அதாவது இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் பயண அனுமதி, ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் சேர்த்து. கட்டண விதி அடிக்கடி மாறுகிறது, அரசாங்கத் தளத்தில் மட்டும் பார்த்துப் பதியுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் தரகர் தளங்கள் நிறைய. இரண்டு வயது வரை விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், காது அடைக்காது.

வேளச்சேரி_அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாஸ்போர்ட்டுக்கு இன்றே பதிகிறேன். கணவர் திங்கள் ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்டிருக்கிறார், கிடைத்தால் தம்புள்ளையில் தங்கி பாசிக்குடா. அண்ணா, லீவு கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம்?

மட்டுநகரான்:
அப்படியென்றால் நீர்கொழும்பு. விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம்தான். கடல் பார்க்க மட்டும், குளிக்க ஓட்டல் குளம். குழந்தைகளுக்கென்று ஆழமில்லாத தனிக் குளம் இருக்கிறதா, நிழல் விழுமா என்று போன் போட்டுக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். பாசிக்குடா வருவதென்றால் இங்கே எழுதுங்கள், நம்பகமான வான் ஓட்டுநரை நான் கேட்டுச் சொல்கிறேன். பிள்ளைக்கு காரில் கட்டும் இருக்கையை மட்டும் அங்கிருந்தே கொண்டு வந்துவிடுங்கள், இங்கே வாடகை வாகனங்களில் பெரும்பாலும் இருக்காது.