முகவரி இல்லாதவருக்கு வீடு: களத்தில் பார்த்தவை (அனுபவப் பகிர்வு)

இழையைத் தொடங்கியவர்

நடைபாதையில் படுக்கிறவர்கள், வாடகை பாக்கியால் சாமானோடு வெளியே நிற்கிறவர்கள், குடிசை மாற்று வாரிய வீட்டுக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் என்று இவர்களோடு தினமும் பழகுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாருடைய பெயரும் படமும் வேண்டாம், சொந்தக் கதையும் வேண்டாம். எந்த இடத்தில் வேலை நின்றது, ஏன் நின்றது, எதைச் செய்ததும் நகர்ந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். அடுத்து அந்தக் கவுன்ட்டரில் நிற்பவருக்கு அது உதவும்.

காப்பகப் பணியாளர், வடசென்னை

இரவில் தெருவில் ஒருவரைப் பார்த்தால் சென்னையில் 1913-க்கு அழைக்கலாம். மாநகராட்சியின் எண் அது. "பாரிமுனை பக்கம்" என்று மட்டும் சொன்னால் தேடி வருகிறவர் கண்டுபிடிக்க மாட்டார். தெருப் பெயர், எதிரில் இருக்கும் கடை, எந்தப் பக்கத்து நடைபாதை, ஆணா பெண்ணா, தோராய வயது, நடக்க முடியுமா, கூடக் குழந்தை உண்டா என்று இவ்வளவும் சொல்லுங்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், மனநலம் குன்றியோர் என்று காப்பகங்கள் தனித்தனி. இந்த விவரம் இல்லாமல் வண்டி கிளம்பினால் தப்பான காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பி, நடு ராத்திரியில் அந்த மனிதர் திரும்பத் தெருவுக்கே வந்துவிடுவார். பெண் தனியாக இருந்தால் 181, குழந்தை என்றால் 1098, முதியவருக்கு 14567. இவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாநகராட்சிக் காப்பகங்களில் காசு வாங்குவதில்லை. இலட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம். "காலையில் வெளியே போ, ராத்திரி வா" என்று ஒரு காப்பகம் சொன்னால் அது விதிப்படி இல்லை.

"இவ்வளவு இருந்தும் ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்?" என்று தன்னார்வலர்கள் கேட்பதுண்டு. சென்னை நடைபாதையில் இருப்பவர்களில் பெரும்பங்கு தனி ஆட்கள் இல்லை, குடும்பங்கள். வால்டாக்ஸ் சாலையிலும் ஜார்ஜ் டவுனிலும் மூன்றாவது தலைமுறையே தெருவில் இருக்கிறது. புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம், பன்னிரண்டு வயதுப் பையன் இன்னோர் இடம் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? மூட்டை தூக்குகிறவருக்கு விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் வேலை. கதவு ஐந்து மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் அவருக்குப் பயனே இல்லை. ஆகவே குடும்பத்தைக் கண்டால் முதல் பேச்சே காப்பகமாக இருக்க வேண்டாம். அவர்களிடம் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இ-சேவை மையத்தில் இருப்பவர்

மேலே சொன்ன கடைசி வரிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வீடு கேட்கும் மனுவில் முகவரி கேட்கிறார்கள். முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும். இந்தச் சுற்றை உடைக்க வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

ஆதாருக்கு வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ கட்டாயமில்லை. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் தங்கியிருப்பவருக்கு அதன் தலைவரோ கண்காணிப்பாளரோ ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்திட்டால் அதுவே முகவரிச் சான்று. கவுன்சிலர், எம்.எல்.ஏ. ஆகியோரும் அதே படிவத்தில் தரலாம். சான்றிதழ் எங்கே திரும்பி வருகிறது என்றால், போட்டோவின் மேலேயும் காகிதத்தின் மேலேயும் சேர்ந்தாற்போல் கையெழுத்தும் முத்திரையும் விழாமல், போட்டோவுக்குப் பக்கத்தில் தனியாக விழுந்திருக்கும். அடுத்தது, அடித்துத் திருத்திய எழுத்து. ஒரு எழுத்து தப்பினாலும் புதுப் படிவம் எடுங்கள். மூன்றாவது, தேதி. சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பொங்கல் கழித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆதார் இருந்தும் வேலை நிற்பது செல்போன் எண்ணால். தெருவில் போன் திருடு போகும், சிம் காலாவதியாகும், அந்த எண் வேறு யாருக்கோ போயிருக்கும். ஓ.டி.பி. அங்கே போகும், இவர் இங்கே நிற்பார். வருமானச் சான்று மனு போடுவதற்கு முன்பே ஆதாரில் இப்போது கையில் இருக்கும் எண்ணை ஏற்றிவிடுங்கள். அதற்கு எந்த ஆவணமும் வேண்டாம், ஆள் நேரில் போய் விரல் வைத்தால் போதும். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் இரண்டு முறை மறுத்தவுடன் "நாளைக்கு வா" என்பார்கள். கருவிழிப் பதிவு எடுக்கச் சொல்லி நில்லுங்கள், அந்தக் கருவி அங்கேயே இருக்கும்.

வருமானச் சான்றுக்கு மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மனு போகும். வி.ஏ.ஓ. மட்டத்தில் "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்புவதுதான் அதிகம். மனு போட்ட அன்றே ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

புதிய உறுப்பினர் கேட்டது

அண்ணா, ரோட்டில் படுக்கிறவருக்கு வாக்காளர் அட்டை கிடைக்குமா? எங்கள் பகுதியில் "வீட்டு நம்பர் இல்லாமல் முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இ-சேவை மையத்தில் இருப்பவர்

கிடைக்கும் தம்பி. படிவம் 6-ல் அவர் தூங்கும் இடத்தையே எழுத வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் உண்மையிலேயே அங்கேதான் படுக்கிறாரா என்று பார்ப்பார், ஒரு நாளுக்கு மேல் வந்து பார்ப்பார். உறுதியானால் முகவரிக்கு வேறு ஆவணம் தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் நடைமுறையே இதுதான். ஆனால் அந்த ராத்திரிகளில் மழை பெய்து, அவர் கடைத் தாழ்வாரம் மாறிப் படுத்திருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அதனால் "இன்ன கடையின் ஷட்டர் வாசல், மழையானால் எதிரில் இன்ன பேருந்து நிழற்குடை" என்று இரண்டு இடத்தையும் அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாரியக் குடியிருப்பு நலச் சங்கப் பொறுப்பாளர்

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். சனங்கள் இன்னும் "ஸ்லம் போர்டு" என்றுதான் சொல்கிறார்கள், அதனால் பலகையைப் பார்த்துத் தப்பான ஆபீஸ் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. வீட்டு வசதி வாரியம் வேறு, இது வேறு.

ஆண்டு வருமானம் 3 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். கல்யாணமான மகன் தனிக் குடும்பம். இங்கேதான் சிக்கல். ரேஷன் கார்டில் அவன் பெயர் இன்னும் அப்பா கார்டிலேயே கிடக்கும், ஊரில் அப்பாவுக்கு ஓட்டு வீடு இருக்கும், மனு தள்ளுபடி. முதலில் கார்டைப் பிரியுங்கள், பிறகு மனு கொடுங்கள். பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டம் எதிலாவது பயன்பெற்றிருந்தாலும் தகுதி கிடையாது. ஒதுக்கீடு குடும்பத் தலைவி பெயரில் அல்லது இருவர் பெயரிலும் வரும்.

வீடு முழுக்க இலவசம் என்று நினைத்து வருகிறார்கள். பல திட்டப் பகுதிகளில் பயனாளி பங்குத்தொகை உண்டு, இடத்துக்கு இடம் தொகை மாறும். கைக்காசு இல்லாவிட்டால் வங்கிக் கடனுக்கு வாரியமே ஏற்பாடு செய்யும் இடங்களும் உண்டு, கேளுங்கள். பணத்தை வாரியத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, ஒதுக்கீட்டு ஆணை வாங்கித் தர்றேன்" என்று இலட்சக்கணக்கில் வாங்கிவிட்டு, கலர் ஜெராக்ஸில் ஆணை கொடுக்கும் புரோக்கர்களால் தாலியை அடகு வைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஆணை கைக்கு வந்ததும் அந்த எண்ணை வாரியத்தின் கோட்ட அலுவலகப் பதிவேட்டில் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவரிடம் "உள்கிரயம்" வாங்குவதும் அதே ஆபத்துதான். ஒதுக்கீடு பழைய ஆளின் பெயரிலேயே இருக்கும். ஆய்வுக்கு வந்தால் காசு கொடுத்தவர் வெளியே நிற்பார்.

மாற்றுத்திறனாளி வீட்டில் இருந்தால் மனுவிலேயே எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. தரைத்தளம் வேண்டும் என்று, யாருக்கு எந்த வீடு என்று முடிவுசெய்யும் குலுக்கலுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிப்ட் நின்ற நாளில் ஏழாவது மாடியிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் இறக்க வேண்டியிருக்கும்.

தூரத்தையும் கணக்குப் போடுங்கள். பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் பூ வாங்கப் போகிறவருக்கு டிக்கெட் காசு பெரிய பிரச்சினை இல்லை, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் பிரச்சினை. சாவி வாங்குவதற்கு முன் ஒரு நாள் விடிகாலை அந்த நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கடை மாற்றம், கேஸ் இணைப்பு இந்த மூன்றையும் குடிபோன மாதமே முடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்ட வீடுகளில்தான் பிள்ளைகள் படிப்பை நிறுத்தியதைப் பார்க்கிறோம்.

சட்ட உதவி வழக்கறிஞர்

வாடகை வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதைச் சேர்க்கிறேன். தெருவுக்கு வருகிற பலர் அதற்கு முந்தைய மாதம் வரை ஏதோ ஒரு ஒண்டிக்குடித்தனத்தில் இருந்தவர்கள்தான்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. ஆனால் பத்து மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம், பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். வாடகைக்கு ரசீது கேட்பது உரிமை. "ரசீதெல்லாம் வழக்கமில்லை" என்றால் பணத்தைக் கையில் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்பி, குறிப்பில் "ஜூன் வாடகை" என்று எழுதுங்கள். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டவிரோதம், அதற்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

லீஸுக்குப் போகிற ஏழைக் குடும்பங்களைப் பார்த்தால் மனசு பதறும். மூன்று இலட்சம் கொடுத்தால் வாடகை இல்லை என்று நகையை விற்றுக் கொடுக்கிறார்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கும், உரிமையாளர் தவணை கட்டியிருக்க மாட்டார். ஒருநாள் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டும், லீஸ் பணம் எங்கே போனதென்று தெரியாது. பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று எடுங்கள், சொத்து வரி ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய காகிதம் அந்த நோட்டீஸுக்கு முன் நிற்காது.

வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

காப்பகப் பணியாளர், வடசென்னை

ஒன்று விட்டுப்போனது. மனநலம் பாதித்துத் தெருவில் திரிகிறவரைக் காப்பகத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி போலீஸ் அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். "கேஸ் போடுவார்கள்" என்று பயப்படத் தேவையில்லை, அவரை லாக்கப்பில் வைக்கவும் கூடாது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் ஊர்ப் பெயரைச் சொன்னவர்கள் ஏராளம்.

கிராமத்திலிருந்து ஒரு உறுப்பினர்

எங்கள் ஊரில் ஓலைக் குடிசைதான். நகரத் திட்டம் எங்களுக்குப் பொருந்துமா அக்கா?

வாரியக் குடியிருப்பு நலச் சங்கப் பொறுப்பாளர்

உங்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம். 2024-ல் அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 3.5 இலட்சம், 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. ஊராட்சியின் குடிசைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, மனைக்குப் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா பெயரில் பட்டா கிடந்தால் வாரிசுச் சான்றை வைத்து மாற்றும் வேலையை இன்றே தொடங்குங்கள், அதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஏரி, குளப் புறம்போக்கில் இருந்தால் அங்கே பட்டா வராது, மாற்று இடம் கேட்டு மனு கொடுங்கள்.

சட்ட உதவி வழக்கறிஞர்

புறம்போக்கில் இருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அகற்றப் போகிறார்கள் என்றால் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் முதலில் 7-ஆம் பிரிவு நோட்டீஸ், விளக்கம் கேட்டு. அதற்குப் பிறகுதான் காலி செய்யச் சொல்லும் 6-ஆம் பிரிவு நோட்டீஸ். முதல் நோட்டீஸுக்கே எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் ஆபீஸ் சீல் வாங்குங்கள்.

மாற்று வீடு யாருக்கு என்பது, அகற்றுவதற்கு முன் வீடு வீடாக நடக்கும் கணக்கெடுப்பு நாளில் முடிவாகிறது. அன்று எல்லோரும் கூலிக்குப் போயிருப்பார்கள், பூட்டிய வீடு பட்டியலில் ஏறாது. ஒரே கூரையில் இரண்டு அடுப்பு இருந்தால் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுவார்கள், அதையும் அங்கேயே நின்று சொல்ல வேண்டும். அன்று வீட்டுக்கு ஒருவராவது ஆதார், ரேஷன் கார்டோடு இருங்கள். கதவில் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எண்ணும் கதவும் முன்னால் நிற்கும் ஆளும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அன்றே வேறு இரண்டு பேர் போனுக்கு அனுப்பி வையுங்கள். வீட்டை இடிக்கும்போது கதவும் போய்விடும். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் கையில் இருக்கப்போகும் சாட்சி அந்தப் படம்தான்.